நரி ஏன் என் கதைகளில் பேசுவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

கிண்டி தேசியப் பூங்காவில் குழந்தைகளை அழைத்துப்போகும் நடைகளைப் பற்றியும், சிறுவர்களுக்காக நான் எழுதும் இயற்கைப் புத்தகங்களைப் பற்றியும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், பதில்களை அவற்றின் போக்கில் விட்டுவிட்டேன்.

அக்கா, பூங்காவில் இயற்கை வழிகாட்டி என்றால் தினமும் என்ன வேலை? வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது மட்டும்தானா? நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வேலைக்கு வர ஆசை.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

சுற்றிக்காட்டுவது கடைசியில் வருகிற வேலை தம்பி. குழந்தைகள் வருவதற்கு முன்னால் நான் ஒருதரம் அந்தப் பாதையில் தனியாக நடந்துவிட்டு வருவேன், ஏனென்றால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாகப் பேசிக்கொண்டே வந்தால் எந்த விலங்கும் நின்று முகம் காட்டாது, அதனால் விலங்கு விட்டுப்போன தடயத்தைக் காட்டத்தான் நான் தயாராக இருக்க வேண்டும். ராத்திரி மரநாய் எங்கே எச்சம் போட்டிருக்கிறது, அதில் என்ன பழத்தின் விதை இருக்கிறது, எந்தப் புதரில் சிலந்தி புதிதாக வலை கட்டியிருக்கிறது, ஆண் வெளிமான் தன் எல்லையைக் காட்டத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போடும் புழுக்கைக் குவியல் இன்று ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா, இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்வேன். புழுக்கை என்றதும் பிள்ளைகள் முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் குனிந்து பார்க்க அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு விலங்கு அங்கே இல்லாமலேயே அது என்ன செய்தது என்று கண்டுபிடிக்கலாம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

கிண்டிப் பூங்கா பெரிய காடு இல்லை. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டிலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சுற்றிலும் ஆளுநர் மாளிகை, ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், புற்றுநோய் மருத்துவமனை, அதற்கப்பால் பஸ் சத்தம். அதற்கு நடுவே களா, சூரை, விளா, பனை, நாவல் என்று கிழக்குக் கடற்கரையின் பழைய வறண்ட பசுமைக்காடு மிஞ்சி நிற்கிறது. புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன, நரி இருக்கிறது, புனுகுப்பூனை இருக்கிறது, நட்சத்திர ஆமை இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வந்து சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

நடையில் நான் கறாராக வைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு: பெயரை முதலில் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்ததும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள், பார்ப்பது அங்கேயே நின்றுவிடும். அதனால் “என்ன பண்ணுது? தரையிலயா மரத்திலயா? வால் எப்படி ஆடுது?” என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் காத்திருப்பேன். ஐந்து நிமிடம் பார்த்த பிறகு பெயர் சொன்னால் அது மனதில் நிற்கிறது. அப்புறம் பாதுகாப்பு வேலை இருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக அழகாகக் கிடக்கும் குண்டுமணியைப் பிள்ளைகள் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள், அதைக் கடித்தால் கடுமையான விஷம், அதனால் நடை முடிந்ததும் பாக்கெட்டைப் பார்க்காமல் அனுப்புவதில்லை. மதியத்துக்கு மேல் குறிப்பு எழுதுவது, அறிவிப்புப் பலகைக்கு வாசகம் தயாரிப்பது, பள்ளிகளோடு தேதி பேசுவது. இது பிடிக்கவில்லை என்றால் இந்த வேலை பிடிக்காது.

படிப்பைப் பொறுத்தவரை, பட்டம் முடித்துவிட்டு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் முதுகலை படிக்கலாம், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டிலும் முதுகலை உண்டு, நுழைவுத் தேர்வு கடினம். சம்பளம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: வழிகாட்டி வேலை பல இடங்களில் ஒப்பந்த வேலைதான், தொகையும் பெரிதாக இருக்காது. வீட்டில் இதைப் பேசிவிட்டு வாருங்கள். ஆனால் இப்போதே ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு கல்லூரி வளாகத்துப் பறவைகளை எழுத ஆரம்பியுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

அத்தை, புள்ளிமான் கொம்பு கீழே விழுந்து திரும்ப முளைக்கும்னு சொன்னீங்க. வெளிமான் கொம்பு ஏன் விழாது? ரெண்டும் மான்தானே?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, காஞ்சிபுரம்

நல்ல கேள்வி கண்ணு. பேச்சில் ரெண்டையும் மான் என்கிறோம், ஆனால் ரெண்டும் வேறு வேறு குடும்பம். புள்ளிமான் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டும்தான் இருக்கும். வளரும்போது அதன்மேல் மெல்லிய முடியோடு ஒரு தோல் போர்த்தியிருக்கும், அந்தத் தோல் வழியாக ரத்தம் போய்த்தான் கொம்பு வளரும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்துவிடும், மான் மரத்தில் தேய்த்து அதை உரித்துவிடும். அப்புறம் ஒருநாள் கொம்பே விழுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து முளைக்கும். வருஷா வருஷம் இப்படித்தான்.

வெளிமான் ஆடு மாடு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கொம்புக்குள்ளே எலும்பு, வெளியே நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டினால் ஆன உறை. அது விழாது, கிளை விடாது, முறுக்கிக்கொண்டே நீளமாகும். உங்கள் தெருவில் ஒரு ஆட்டின் கொம்பைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. விழுந்த புள்ளிமான் கொம்பு என்ன ஆகும் தெரியுமா? அதில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் முள்ளம்பன்றி கடிக்கும், மானே கூட மென்று தின்னும். அதனால்தான் காட்டில் எதையும் எடுத்து வரக்கூடாது என்கிறோம், அது யாருக்கோ சாப்பாடு.

மேடம், உங்கள் புத்தகங்களை வகுப்பில் வாசிக்கிறோம். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் கதைகளில் விலங்குகள் பேசுவதில்லை, கடைசியில் நீதியும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாமா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

டீச்சர், இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

பாட்டி வடை சுட்ட கதை கேட்டு வளராத தமிழ்க் குழந்தை கிடையாது, எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் கிண்டியில் பிள்ளைகளிடம் “நரியைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டால் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: தந்திரம் பண்ணும், ஏமாற்றும், திருடும். ஒரே ஒரு நரியைக்கூடப் பார்த்திராத பிள்ளை அதன்மேல் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு வளர்ந்த பிறகும் போவதில்லை. வயல் ஓரத்தில் நரி செத்துக் கிடந்தால் யாரும் வருத்தப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிஜ நரியைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நெடுநாள் குடும்பம் நடத்தும். குட்டி போட்டால் இரண்டும் இரை தேடிப்போய், தின்றதை வயிற்றில் கொண்டுவந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். சில சமயம் முந்தைய ஈற்றில் பிறந்த அண்ணனோ அக்காவோ வீட்டை விட்டுப் போகாமல் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும். எலி பிடிக்கும், இறந்ததைத் தின்னும், இலந்தைப் பழக் காலத்தில் பழமாகத் தின்று தீர்க்கும், மான்குட்டி கிடைத்தால் அதையும் விடாது. இதில் நான் எதைக் கூட்ட வேண்டும்? வாயில் வசனம் எதற்கு? நிஜமே இவ்வளவு இருக்கும்போது அதன்மேல் ஒரு மனிதனைப் போர்த்தி மூடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நீதி விஷயமும் அதேதான். நரி நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அது நரி. ஒரு ஏழு வயசுப் பிள்ளையால் இதைப் புரிந்துகொள்ள முடியும், நம்மைவிடச் சீக்கிரமாகவே. இது என் கண்டுபிடிப்பும் இல்லை. நம் சங்கப் பாட்டு ஒன்றில், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் குருகு நின்றுகொண்டிருக்கும், அதன் கால் தினைத்தாள் மாதிரி மெல்லிசாகப் பச்சையாக இருக்கும். அந்தக் குருகு எதுவும் பேசாது, யாருக்கும் புத்தி சொல்லாது. எழுதியவர் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான், ஈராயிரம் வருஷமாக அந்தக் குருகு அப்படியே நிற்கிறது. 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஒரே பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதிய நம் சென்னை மா. கிருஷ்ணனும், கொல்லையில் வரும் காக்காயையும் அணிலையும் அப்படித்தான் பார்த்து எழுதினார், படமும் தானே வரைந்தார். தமிழிலும் எழுதினார். பிள்ளைகளுக்கு எழுத வருகிறவர்கள் அவரைத் தேடிப் படிக்க வேண்டும்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள் டீச்சர். கதையை வாசித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?” என்று கேட்காமல், “அடுத்து அது என்ன பண்ணியிருக்கும்?” என்று கேளுங்கள்.

மின்கம்பியில் மோதி விழுந்த குஞ்சை என் மகன் எடுத்து வந்துவிட்டான். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?
– வாசகர், நாமக்கல்

தாய் சேர்க்கும். மனித வாடைக்காகப் பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. அடிபடாத குஞ்சு, இன்னும் இறகு முளைக்காதது என்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகுகிறது, பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பாலும் சோறும் ஊட்டாதீர்கள். உங்கள் மகன் கொண்டுவந்ததுபோல மோதி விழுந்து ரத்தமோ தொங்கும் சிறகோ தெரிந்தால், காற்றுப்போகும் ஒரு அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ கொண்டுபோக வேண்டும்.

உங்கள் புத்தகத்தைப் பார்த்து என் மகள் கறிவேப்பிலைச் செடியிலிருந்து புழு எடுத்து பாட்டிலில் வளர்த்தாள். வண்ணத்துப்பூச்சி வரும் என்று தினமும் காத்திருந்தாள். கூட்டுப்புழுவிலிருந்து சின்னச் சின்னக் குளவிகள் வந்துவிட்டன. ஒரே அழுகை. நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், மதுரை

அம்மா, முதலில் அவளிடம் சொல்லுங்கள், அவள் வளர்த்ததில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் புழு உங்கள் வீட்டுக்கு வரும்போதே அதற்குள் குளவியின் முட்டை இருந்திருக்கலாம். ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவைத் தேடிப்போய் அதன் உடம்புக்குள் முட்டையிடும், குளவிக் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வரும். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. அழுதால் அழட்டும், “அழாதே, இதெல்லாம் ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்கு அது ஒன்றுமில்லாதது இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு வண்ணத்துப்பூச்சி எத்தனை முட்டை இடுகிறது, அத்தனையும் புழுவானால் உங்கள் செடியில் ஒரு இலையாவது மிஞ்சுமா என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். குளவிகளை அடித்திருந்தால் பரவாயில்லை, அடுத்த முறை ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நெல் விவசாயியும் கரும்பு விவசாயியும் இதே மாதிரிக் குளவிகளைக் காசு கொடுத்து வாங்கி வயலில் விடுகிறார்கள் என்று சொல்லுங்கள். என் புத்தகங்களில் சாவை நான் ஒளிப்பதில்லை. ரத்தத்தை நீட்டி முழக்குவதும் இல்லை. நடந்ததை நடந்த அளவில் எழுதினால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள், பெரியவர்கள் ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்போதுதான் பயப்படுகிறார்கள்.

திரும்ப வளர்க்கட்டும். பாட்டில் வேண்டாம், வலைத்துணி கட்டிய டப்பா போதும். எந்தச் செடியில் எடுத்தாளோ அதே இலையைத் தினமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெரிதானதும் பச்சையாகிவிடும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டையாக ஒன்று நீட்டும், நாற்றமும் வரும், பறவையை விரட்ட அது வைத்திருக்கும் வழி. பூச்சி வெளியே வந்ததும் சிறகு காயும்வரை யாரும் தொடக்கூடாது.

சாரையும் நல்லபாம்பும் பிணைந்து ஆடுவதை எங்கள் தாத்தா காலத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அப்படி இல்லை என்று பிள்ளைகள் புத்தகத்தில் எழுதுவது சரியா?
– வாசகர், சேலம்

நீங்கள் பார்த்தது பொய்யில்லை ஐயா, அந்த ஆட்டம் நிஜம்தான். ஆனால் ஆடுவது இரண்டும் சாரை, அதிலும் இரண்டும் ஆண். முன்னுடம்பைத் தூக்கிக்கொண்டு முறுக்கிக்கொண்டு ஒன்றை ஒன்று தரையில் அமுக்கப் பார்க்கும், அது பலப்பரீட்சை. நல்லபாம்பும் சாரையும் வேறு வேறு இனம், இணை சேராது. சாரைக்கு விஷம் கிடையாது, உங்கள் களத்தில் எலியைத் தின்று நெல்லைக் காப்பாற்றுகிற பாம்பு அது, அதை நல்லபாம்பின் ஜோடி என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறோம். அதனால்தான் எழுதினேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நான்கையும் அடையாளம் தெரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், கடித்தால் கீறாமல், உறிஞ்சாமல், கட்டுப்போட்டு நேரம் கழிக்காமல் நேராக அரசு மருத்துவமனை. அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர்கள், வடநெம்மேலியில் 1978இலிருந்து அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாம்புக் கதை எனக்குத் தெரியாது.

சிறுவர் இயற்கைப் புத்தகம் எழுத ஆசை. பிழைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

எழுத்தை மட்டும் வைத்துப் பிழைப்பது கஷ்டம் தோழி. தமிழில் சிறுவர் புத்தகம் ஒரு பதிப்பில் அதிகம் அச்சாவதில்லை, விலையும் குறைவாக வைக்க வேண்டும், அதில் எழுதுகிறவருக்கு வருகிற பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னைப் போல ஒரு வேலையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் பங்கு எத்தனை சதவீதம், எப்போது கணக்குக் காட்டுவார்கள், மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு, மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்வதானால், சிங்கத்தையும் பென்குவினையும் விட்டுவிடுங்கள். அவற்றைப் பற்றி வேறு நாட்டில் வேறு யாரோ நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதை எழுத உங்களைத் தவிர ஆளில்லை. பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை ஒரு வரியிலும் ஊகிக்காதீர்கள், பிறகு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓவியரோடு சண்டை போடத் தயாராக இருங்கள்! கூவுகிற குயில் ஆண், கறுப்பு. உடம்பெல்லாம் புள்ளியாக இருப்பது பெண். படத்தில் புள்ளிக்குயில் வாய் திறந்து கூவிக்கொண்டிருந்தால், குயிலைப் பார்த்த பிள்ளை அன்றோடு உங்கள் புத்தகத்தை நம்பாது. கடைசியில் ஒன்று, எழுதியதைப் பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் படியுங்கள். எந்த இடத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்களோ அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். காடெல்லாம் தூரம். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?
– ஒரு தந்தை, சென்னை

முதலில் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிளி எந்தப் பக்கம் போகிறது, எந்த மரத்தில் போய் அடைகிறது என்று ஒரு மாதம் பார்க்கட்டும்.

அப்புறம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். சாலையோரம் நின்றே பூநாரை பார்க்கக் கிடைக்கிற நகரம் நம்முடையது. அது 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் குப்பையும் கட்டடங்களும் எவ்வளவை விழுங்கிவிட்டன என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் காட்டுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட நம் கடற்கரைக்கு வரும், 1980களின் இறுதியிலிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள், அந்த நடையில் பொதுமக்களும் சேரலாம். பிள்ளைக்கு நடக்கத் தெம்பு இருந்தால் கூட்டிப்போங்கள், டார்ச் மட்டும் அடிக்காதீர்கள், வெளிச்சத்தில் ஆமைக்குஞ்சு கடலை விட்டுச் சாலைப் பக்கம் போய்விடும்.

நவம்பருக்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல். அங்கே பிள்ளைகள் பறவையைப் பார்க்கட்டும், நீங்கள் அவர்களுக்கு ஊரைக் காட்டுங்கள். நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கரண்டிவாயனுக்கும் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காவல் இருந்திருக்கிறார்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் கேட்டு 1798இலேயே கலெக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் மிரளும் என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

எங்கே போனாலும் தின்பண்டம் போடாதீர்கள், மானுக்கும் வேண்டாம் குரங்குக்கும் வேண்டாம். பாலித்தீன் பையோடு தின்று செத்த மானின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பூங்காவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட எடுத்து வர மாட்டார்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கிற இடத்திலேயே பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். மொட்டை மாடியில் காக்காயும் புறாவும் மட்டும்தான் வருகிறது என்றாலும் பதியலாம், அதுவும் கணக்குத்தான். போனில் செயலியை இப்போதே இறக்கி, டிசம்பர் முழுக்கப் பிள்ளைகளோடு இரண்டு மூன்று தரம் எண்ணிப் பழகிவிடுங்கள்.